பக்கத்து இலை

“மண்டபம் பார்க்கப் போறவன் மேடையைப் பார்க்கக் கூடாது, மேடையை எவன் வேணாலும் ஜோடிச்சிருவான், நீ பார்க்க வேண்டியது…” என்று சொல்லிப் பெரியப்பா ஒரு விரலைத் தூக்கினார். முப்பது வருஷத்துக்கு முன்னால், சங்க மண்டபத்தின் திறப்பு விழாவில் தூக்கிய அந்த விரல் மயில்வாகனனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நகக்கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு, விரலுக்குப் பின்னால் புது டிஸ்டம்பர் அடித்த சுவர், அந்தச் சுவரில் மோதித் திரும்பிய கைதட்டல், சிரிப்பு, எல்லாம் இருந்தது. எதைப் பார்க்கச் சொன்னார் என்பதுதான் வரவில்லை. சமையல்கட்டையா? சமையல்கட்டாகத்தான் இருக்கும், பெரியப்பா சாப்பாட்டுப் பிரியர். இல்லை, கக்கூஸைச் சொல்லியிருப்பார், அதற்குத்தான் சனம் அப்படிச் சிரித்திருக்கும். சங்கத்துப் பொருளாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்யும். ஆனால் சிரிப்புக்கு முன்னால் ஒரு ‘ம்ம்ம்’ வந்தது, கூட்டம் முழுக்க ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு முனகல், கக்கூஸுக்கு யாரும் அப்படி முனகமாட்டார்கள். இப்போது அவன் அதே மண்டபத்தின் அலுவலக வாசலில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மேனேஜர் நாட்ராயன் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போய் ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளே யாருடைய கல்யாணமோ முடிந்திருந்தது. தாலி கட்டியாகிவிட்டது என்பது மேளக்காரர்கள் பீடி பற்றவைக்க வெளியே வந்ததிலிருந்து தெரிந்தது. பட்டுப்புடவைகள் அவனைக் கடந்து போகும்போதெல்லாம் மல்லிகையும் வேர்வையும் கலந்த ஒரு காற்று முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று. ஒரு பெண் அவன் மேல் பன்னீர் தெளித்துவிட்டு, வாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். வேண்டாம், நான் மண்டபம் பார்க்க வந்தவன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மூக்குக் கண்ணாடியில் நான்கு சொட்டு. துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். துடைத்தால் பன்னீரை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். யாரிடம்? அவள் போய்விட்டாள். போனாலும்.

மகள் மதுவந்தியின் கல்யாணம் பழனி மலையில், இருபது பேரோடு, அதில் சிக்கல் இல்லை. மலையில் யாரும் யாரையும் எதுவும் கேட்கப் போவதில்லை. சிக்கல் எல்லாம் ரிசப்ஷனில்தான். மாப்பிள்ளை எழில்வேந்தன் அவர்களுடைய ஆள் இல்லை. ‘நம்ம ஆளு இல்ல’ என்று அக்கா சொல்வாள், அதற்கு மேல் சொல்லமாட்டாள், வாயால் பெயரைச் சொல்லிவிட்டால் நாக்கில் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல ‘அவங்க’ என்று நிறுத்திக்கொள்வாள். மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் நிலம் அளந்துவிட்டுத் திரும்பி வந்த மயில்வாகனனும், மகள் விஷயம் தெரிந்த இந்த நாலு வருஷமாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் சொல்லாததற்குக் காரணம் வேறு, அது நாகரிகம். நாகரிகமும் அக்காவின் நாக்கும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன என்பது இரண்டு வாரத்துக்கு முன்னால் அக்காவோடு போனில் பேசியபோதுதான் அவனுக்கு உறைத்தது. “மயிலு, நான் வேண்டாம்னா சொன்னேன்? புள்ள ஆசைப்பட்டுட்டா, சரி. நல்ல பையன். நானும்தான் பார்த்தேன், கண்ணுக்கு நெறைவா இருக்கான். நான் சொல்றது சோத்துக்கு உக்கார்றதை மட்டும்தான்டா. அவங்க ஊர்ல அவங்க ஒரு ரிசப்ஷன் வெக்கட்டும், இங்க நம்ம சங்க மண்டபத்துல நாம ஒண்ணு வெப்போம். பொண்ணு மாப்ள ரெண்டுலயும் நிக்கட்டும். யாரு மனசும் நோகாது பாரு.” காலம் மாறிப்போச்சுக்கா என்றான் அவன். அதைச் சொன்ன தொனி அவனுக்கே பிடிக்கவில்லை, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுகிறவன் தொனி. “மாறட்டும், வேண்டாங்கல. எனக்கு மருமக எடுத்த வீட்டுக்குப் பதில் சொல்லணும். உனக்கென்ன, மறுபடி ஏரோப்ளேன் ஏறிருவ.” கடைசியில், அவன் எதிர்பார்த்துக்கொண்டே இருந்ததைச் சொன்னாள், சண்டையாகச் சொல்லாமல் காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்: “ஒண்ணா வெச்சேன்னா நான் வரல சாமி. நீ நல்லபடியா நடத்து.” தெய்வானை அக்கா. அப்பா போனபிறகு ஜாக்கெட் தைத்து அவனைப் பாலிடெக்னிக் படிக்கவைத்தவள், பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் அவனுக்கு முன்னால் போய் இடம் பிடித்து நின்றவள். மதுவந்தி பிறந்த தகவல் கேட்டு அந்தத் தெருவுக்கே கல்கண்டு கொடுத்தவள். அவள் இல்லாமல் மேடையில் எப்படி நிற்பது. ‘எங்க அத்தையக் காணோம்’ என்று மதுவந்தி கேட்டால் எந்தப் பக்கம் பார்ப்பது.

மதுவந்தி கேட்கமாட்டாள், அவளுக்குத் தெரியும். அவளுக்கு எல்லாம் தெரியும், அதுதான் இவனுக்குக் கஷ்டம். பைபாஸ் ரோட்டில் ஒரு ஓட்டல் மாடியில் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஏற்பாட்டோடு ரிசப்ஷன் வைத்துவிடலாம் என்று போன மாதம் அவன்தான் கண்டுபிடித்தான். ராத்திரி அந்த யோசனை வந்தபோது சந்தோஷத்தில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நின்றுகொண்டு சாப்பிட்டால் யாரும் யார் பக்கத்திலும் உட்கார வேண்டாம். அக்கா ஒரு மூலை, அவர்கள் ஒரு மூலை, நடுவில் நூடுல்ஸ். பார்க்கிறவனுக்கு அது நவீனம், வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் அப்படித்தான் வைப்பார் என்பார்கள். மனைவியிடம் சொன்னான், மனைவி துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள். மகளிடம் சொன்னான். “நின்னுக்கிட்டே சாப்பிடறதுக்கு எதுக்குப்பா கல்யாணம், ஏர்போர்ட்டுக்கே எல்லாரையும் வரச்சொல்லிரலாமே” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, “எழிலோட அப்பாவுக்குப் பந்திதான் ஆசையாம்பா. உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடணுமாம். அவர் வேற எதுவுமே கேக்கல” என்றாள். அவனிடமும் அவர் அதைச் சொல்லியிருந்தார். தங்கராசு, மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவர், வேடசந்தூர். முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது எழிலின் அம்மா எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். டம்ளர் புதுசு. அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது, விரலில் காகிதம் தட்டுப்பட்டது. அவனுக்கென்று, அவன் என்ன நினைப்பானோ என்று, யாரும் வாய் வைக்காத டம்ளராக வாங்கியிருக்கிறார்கள். அவசரத்தில் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். எடுத்துக் குடித்தான், முழுக்கக் குடித்தான், தேவைக்கு மேல் சத்தமாக, ரொம்ப நல்ல காப்பி என்றான். அந்த அம்மா முகத்தில் பரீட்சையில் தேறிய ஒரு நிம்மதி வந்தது. யார் யாருக்குப் பரீட்சை வைத்தது? அவன் வைக்கவில்லை. வைக்காமலே அவன் கையில் மார்க் இருந்தது. அந்தக் கூச்சத்தில்தான் மஸ்கட் கதையை ஆரம்பித்தான், அங்கே பெரிய தட்டு ஒன்றில் சோறு கொட்டி ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம், பாகிஸ்தானி, எகிப்துக்காரன், மலையாளி, யாரும் எதுவும் பார்க்கமாட்டோம் என்றான். தங்கராசு கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார். “அப்படிங்களா! பரவாயில்லையே சம்மந்தி” என்றார். பரவாயில்லையே. அந்த ஒரு வார்த்தையை அவன் கார் ஓட்டும்போதும் பல் விளக்கும்போதும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டான், அதில் கேலி ஒரு துளி இருந்திருந்தால்கூட இவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் அவர் அதைச் சொன்னார், செருப்பைத் தேடுகிறவர்போலக் கீழே பார்த்துக்கொண்டே: “சீர் செனத்தி ஒண்ணும் நாங்க எதிர்பார்க்கல. நானும் நீங்களும் பக்கத்துப் பக்கத்து இலையில உக்காந்து ஒரு பந்தி சாப்பிட்டா போதும். எனக்கு அவ்வளவுதான்.” கட்டாயம் என்றான் அவன். கையைப் பிடித்துக்கொண்டே சொன்னான். கட்டாயம், அதிலென்ன.

“பொண்ணு வீடா, மாப்ள வீடா?” என்று யாரோ தலைக்கு மேல் கேட்டார்கள். ஒரு பெரியவர், புது வேட்டியின் மடிப்புக் கலையாமல், நெற்றியில் சந்தனம் காய்ந்து விரிசல் விட்டு, அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெண்டும் இல்லைங்க, மேனேஜரைப் பார்க்க வந்தேன் என்றான். “அப்ப ரெண்டு வீடும்தான். எந்திரிங்க, மூணாம் பந்தி போட்டாச்சு.” இல்லைங்க, நான் வெளியாளு. “வெளியாளு உள்ள உக்காந்திருந்தா அவன் விருந்தாளிங்க. சாப்பிடாம எங்க பொண்ணு கல்யாணத்துல ஒருத்தரு உக்காந்திருந்தாருன்னு நாளைக்கு எங்க பேரு கெடணுமா? நாட்ராயன் எங்க போயிரப் போறான், அவனும் உள்ளதான் மேஞ்சுக்கிட்டிருப்பான், வாங்க வாங்க.” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். மயில்வாகனன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே போனான், போகிற வழியில் நாலைந்து பேர் அவனுக்கு வணக்கம் வைத்தார்கள், இவனும் வைத்தான். சாப்பாட்டுக்கூடம் மாறவே இல்லை. மேசை மாறியிருந்தது, மின்விசிறி மாறியிருந்தது, மேசைமேல் உருட்டிவிடுகிற காகிதம் புதுசு. ஆனால் சாம்பாரும் ஈர இலையும் சேர்ந்த அந்த வாசனை முப்பது வருஷமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தது. பெரியவர் ஒரு காலி இடத்தில் அவனை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, “அண்ணனுக்கு நல்லாப் போடுங்கப்பா, ரொம்பக் கூச்சப்படறாரு” என்று பந்தி பார்க்கிறவனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போனார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். உப்பு வந்தது, கேசரி வந்தது. பக்கத்து இலைக்காரர் தன் வடையை எடுத்து இவன் இலையில் வைத்தார். “எனக்கு எண்ணெய் ஆகாதுங்க, டாக்டர் மொறைப்பாரு. வீணாப் போகக் கூடாது பாருங்க.” இவன் மறுக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் விரலால் எடுத்து வைத்த வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். வடை சூடாக, நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்த அதே நொடியில்தான் இன்னொன்றும் தோன்றியது. யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர், யார் வீடு, என்ன வகையறா, ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார்களா, சட்டையைப் பார்த்தார்களா? இல்லை, இந்த மண்டபத்துக்குள் தைரியமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவன் வேறு ஆளாக இருக்கமாட்டான் என்கிற நிச்சயம். தங்கராசு அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பெரியவர் கையைப் பிடித்து இழுத்திருப்பாரா? இழுத்திருப்பார், தெரியாமல். தெரிந்த பிறகு? பருப்பு வந்தது, நெய் வந்தது. கையை இலைமேல் குறுக்கே வைத்துப் போதும் என்றான், போதும் என்றால் இன்னொரு கரண்டி என்று அவர்களுக்கு அர்த்தம்.

அப்போதுதான் அந்தக் கதவு கண்ணில் பட்டது. கூடத்தின் கிழக்குக் கோடியில், கைகழுவுகிற தொட்டிகளுக்குப் பக்கத்தில், பச்சைப் பெயின்ட் அடித்த இரண்டாவது கதவு. அதைத் திறந்தால் பின்கட்டு, விறகு போட்டிருக்கும், தகரக் கொட்டகை ஒன்று. விரல் மறுபடி மேலே எழுந்தது, சுண்ணாம்பு நகம், இந்தமுறை வாயும் சேர்ந்து அசைந்தது: நீ பார்க்க வேண்டியது சாப்பாட்டுக்கூடத்துக்கு எத்தனை வாசல்னு. ரெண்டு வாசல் இருந்துச்சுன்னா எவன் மனசும் நோகாது. ம்ம்ம் என்றது கூட்டம். பிறகு சிரிப்பு, பிறகு கைதட்டல், பதினெட்டு வயசு மயில்வாகனன் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டுகிறான், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டுகிறான். எவன் மனசும் நோகாது. அக்கா அதைத்தான் சொன்னாள், ஒரு வார்த்தைதான் மாறியிருந்தது. அவள் பெண்கள் பக்கத்தில் எங்கோ உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், அவள் மறக்கவில்லை. இவன்தான் மறந்திருக்கிறான். மறந்ததை இத்தனை நாள் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் அக்கா கல்யாணம் இதே கூடத்தில் நடந்தது, பாலிடெக்னிக் விடுதியில் அவன் அறையில் இருந்த ராசமாணிக்கம் முந்தின நாளே வந்துவிட்டான். ஏணி போட்டு ஏறி மாவிலை கட்டினான், வாசலில் வாழைமரம் நட்டான், மாட்டுவண்டியில் வந்த நாற்காலிகளைத் தலையில் தூக்கி வந்தான். அக்கா அவனை ‘தம்பி, தம்பி’ என்று நூறு தடவை கூப்பிட்டாள். மறுநாள் பந்தியில் மயில்வாகனனுக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். இலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. பெரியப்பா வந்தார். அவன் தோளில் கை வைத்தார், அன்பாகத்தான் வைத்தார், “தம்பி, சிநேகிதப் பசங்களுக்குப் பின்னால போட்டிருக்கு” என்றார். வேறு சிநேகிதப் பசங்க யாரும் வரவில்லை. ராசமாணிக்கம் இவனைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். ‘அவன் இங்கயே இருக்கட்டும் பெரியப்பா’ என்று ஒரே ஒரு வாக்கியம், ஆறு நொடி ஆகுமா? ஐந்து. மயில்வாகனன் பேசாமல் இருந்திருந்தால்கூட இப்போது தாங்கிக்கொள்ளலாம், பயந்தான், பையன், வாய் வரவில்லை என்று விட்டுவிடலாம். அவன் பேசினான். “ஆமா மாணிக்கம், அங்க போ. அங்க காத்து நல்லா வரும்” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். ராசமாணிக்கம் எழுந்து பச்சைக் கதவு வழியாகப் போனான். காலியான இலையில் தண்ணீர்த்துளிகள் உருண்டு உருண்டு நின்றன, அந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள், அந்த இலையிலேயே சாப்பிட்டார்கள். சாயங்காலம் விடுதிக்கு பஸ் ஏறும்போது அவன் சொன்னான், “ஆமாடா மயிலு, நல்ல காத்து.” அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வருஷம் ஒரே அறையில் இருந்தார்கள், ஒரே சோப்பு, பரீட்சைக்கு ஒரே புத்தகம். ஒருநாள்கூட அவன் அதைப் பேசவில்லை. பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இப்போது அவன் எங்கே இருக்கிறானோ, மயில்வாகனன் தேடவில்லை. தேடினால் இரண்டு நிமிஷத்தில் போனில் கிடைத்துவிடுவான் என்கிற பயத்தில் தேடவில்லை.

“ரசம் விடட்டுங்களா?” என்று கேட்டான் பரிமாறுகிறவன். விடுங்க. ரசம் இலையின் நடுநரம்பைத் தாண்டி ஓடியது, சோற்றால் அணை கட்டினான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, இடதுகையால் எடுத்தான், தங்கராசு. எடுக்காமல் விட்டுவிடலாம். இரண்டுமுறை அதிர்ந்தது, மூன்றாவது அதிர்வில் எடுத்துவிட்டான். “சம்மந்தி, தொந்தரவு பண்ணிட்டனா? சும்மாதான் கேக்கலாம்னு. மண்டபம் பார்க்கப் போறதா மருமக சொல்லுச்சு.” ஆமாங்க, பாத்துக்கிட்டிருக்கேன். “பின்னால பாத்திரச் சத்தம் கேக்குது, சாப்பாட்டு நேரமா? சாப்பிடுங்க சாப்பிடுங்க.” இல்லைங்க, ஒரு ஓட்டல்ல இருக்கேன் என்றான் மயில்வாகனன். ஏன் அப்படிச் சொன்னான்? அவர் கேட்கவே இல்லையே. பக்கத்து இலைக்காரர் பாயசத்தை உறிஞ்சிவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தார், ஓட்டலா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு தன் பாயசத்துக்கே திரும்பிக்கொண்டார். “எந்த மண்டபங்க பாக்குறீங்க?” பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது, சொன்னான். மறுமுனையில் அவர் குரல் உற்சாகமாக வந்தது. “அட, அது எனக்குத் தெரிஞ்ச மண்டபமாச்சே! அதுக்கு கனெக்சன் குடுத்ததே நாந்தாங்க. அப்ப எனக்கு வேலைல சேர்ந்து ரெண்டு வருசம். தொறப்பு விழா அன்னிக்குக் காலைல ஃபேஸ் போயிருச்சுன்னு ஓடியாந்து, விழா முடியற வரைக்கும் வாசல் போஸ்ட்டு மேலயே இருந்தேன். மைக்குல பேசறது பூராக் கேட்டுச்சு, யாரோ ஒருத்தரு நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசினாரு.” மயில்வாகனன் சோற்றுக்குள் விரல்களை வைத்தபடி இருந்தான். போஸ்ட்டு மேலே. கேட்டிருக்கிறார். என்ன கேட்டார், எல்லாவற்றையுமா, வாசல் கணக்கையுமா? கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறாரா, இல்லை சிரிப்புச் சத்தம் மட்டும் மேலே வந்ததா? குரலில் ஒன்றும் இல்லை. அந்தக் குரலை இப்படி முகர்ந்து முகர்ந்து பார்க்கிறோமே என்று அவனுக்குக் கூசியது. தான் செய்யாத குற்றத்தை அவர் குரலில் தேடுகிறவனா, செய்ததையா? “உள்ள எப்பிடிங்க, பெருசா இருக்குமா?” என்றார் தங்கராசு. “சாப்பாட்டுக்கூடம் எத்தனை பேரு உக்காரலாம்? நான் உள்ள வந்ததில்ல.” இருநூத்தம்பது பேர் உட்காரலாம் என்றான். “நல்லதாப் போச்சு. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க. வெச்சிரட்டுங்களா, ஓட்டல்காரன் ஆறிப்போச்சுன்னு திரும்ப எடுத்துட்டுப் போயிருவான்” என்று சிரித்துவிட்டு வைத்தார். மோர் வரும்வரை அவன் காத்திருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தான், தன் பக்கமாக மடித்தானா எதிர்ப்பக்கமாகவா என்று தெரியவில்லை. கைகழுவப் போனவன் பச்சைக் கதவுக்குப் பக்கத்துக் குழாயை விட்டுவிட்டுத் தூரத்தில் இருந்த குழாய்க்குப் போனான். அங்கே வரிசையாக ஆள் நின்றது, நின்றான். கையில் காய்ந்த ரசத்தோடு நிற்பது தகும் என்று தோன்றியது. இப்படித் தோன்றுவதும் ஒரு சொகுசு என்று அடுத்த நொடியே தோன்றியது.

அலுவலகத்தில் நாட்ராயன் வந்து உட்கார்ந்திருந்தார், வாயில் பீடாவோடு. “சாப்பிட்டாச்சுங்களா? பேஷ். நம்ம மண்டபத்துச் சாப்பாட்டைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல” என்று சொல்லிக்கொண்டே படிவம் ஒன்றை நகர்த்தினார். இளம்பச்சைத் தாள், மேலே சங்கத்தின் பெயர், முத்திரை. பெண் வீட்டார் பெயர், ஊர், உறுப்பினர் எண், வகையறா. கீழே அதேபோல மணமகன் வீட்டார் பெயர், ஊர், வகையறா. பெண் வீட்டார் வரியை மயில்வாகனன் வேகமாக நிரப்பினான், பெரியப்பாவின் உறுப்பினர் எண் அவனுக்கு மனப்பாடம், அதுகூட மறக்கவில்லை பார். “மாப்ள வீடு எந்த ஊருங்க?” வேடசந்தூர். “வேடசந்தூர்ல நம்மாளுங்க அவ்வளவா இல்லையே” என்று சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினார் நாட்ராயன். மயில்வாகனன் பேனாவைக் கீழே வைத்தான். நாட்ராயன் எழுந்து போய் பீடாவைத் துப்பிவிட்டு, வரும்போது கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார். “தப்பா நினைக்காதீங்க சார். இப்ப மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு இப்பிடி வருது. டாக்டர் வீடு, வக்கீல் வீடு, எல்லாம் இங்கதான் நடந்திருக்கு. நீங்க அந்தக் கட்டத்துல எழுதினீங்கன்னா கமிட்டிக்குப் போகும். கமிட்டில முடியாதுன்னு சொல்லமாட்டாங்க, சொல்லவும் முடியாது. அந்தத் தேதி முந்தியே யாருக்கோ குடுத்தாச்சுன்னு வரும். எழுதாம விட்டீங்கன்னா பொண்ணு வீடு நம்ம மெம்பரு, அவ்வளவுதான், நான் பாத்துக்கறேன்.” எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டான். கேட்டிருக்க வேண்டாம், தெரிந்த பதிலை இன்னொருவன் வாயால் கேட்கிற ஆசை. “உங்காளுங்களுக்கு இந்த வாசலு, அவங்களுக்கு அந்த வாசலு. நடுவுல ஒரு ஸ்கிரீனு கட்டிரலாம். வெறும் துணி இல்ல சார், பொண்ணு மாப்ள போட்டோவையே பெருசாப் போட்டுக் கட்டிருவோம், அலங்காரம்னு நினைச்சு ஆளாளுக்கு அது முன்னால நின்னு செல்பி எடுத்துக்குவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம். உங்க அக்காவுக்குக்கூட நேத்தே சொல்லிட்டேனே, அப்பிடின்னா சரிதான்னுட்டாங்க.” அக்கா வந்து பேசியிருக்கிறாள், அப்படியானால் இவர் ஊரைக் கேட்டதெல்லாம் தெரியாதவர்போலத்தான். ஸ்கிரீன் என்றால் வருவாள். ஜரிகைப் புடவை கட்டிக்கொண்டு மதுவந்தியின் பக்கத்தில் நிற்பாள், ஆரத்தித் தட்டை அவள்தான் எடுப்பாள். மயில்வாகனன் மெதுவாக, மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: சம்மந்தியும் நானும் மட்டும் ஒண்ணா உக்காரலாமில்லையா? ஒரே ஒரு பந்தி. “அதுக்குத்தான் வி.ஐ.பி. ரூம் இருக்கே சார். ரெண்டு பேருக்கும் அங்கயே இலை போட்டு, நானே நின்னு பரிமாறிடறேன். ஏசி ரூமு. நல்லா ஜில்லுனு, மரியாதையா இருக்கும். அவருக்கும் சந்தோசமாத்தான் இருக்கும், பாருங்க.”

பேனாவை எடுத்தான். எழுதலாம். இரண்டே சொல், வேடசந்தூர் தங்கராசு, அதற்கடுத்து அந்த மூன்றாவது கட்டத்தில் நாலு வருஷமாக வாயால் சொல்லாத பெயர், அதை எழுதத் தெரியாதா, இரண்டு பாஷையிலும் எழுதத் தெரியும். எழுதினால் கமிட்டி. தேதி போய்விடும், அக்கா போய்விடுவாள், அக்கா போனால் அக்காவோடு சேர்ந்து நாற்பது வீடு. போகட்டும், போனால் என்ன, அதுதானே நியாயம். எழுதாவிட்டால் ஸ்கிரீன். மதுவந்தி அந்தப் போட்டோவைச் சாப்பிட வரும்போது பார்ப்பாள், அவளுடைய முகமே ஆறடி உயரத்தில் நடுவில் நின்று ஆளைப் பிரிப்பதைப் பார்ப்பாள், அவளுக்குப் புரியும், அவளுக்கு எல்லாம் புரியும், ஆனால் சொல்லமாட்டாள், அப்பா முகம் வாடுமே என்று சொல்லமாட்டாள். எழில் சொல்லுவானோ? தங்கராசு சொல்லமாட்டார். ஏசி ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நல்லா ஜில்லுனு இருந்துச்சு சம்மந்தி என்பார். வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடமும் அதையே சொல்வார். இப்படி யோசித்து யோசித்து, யோசிப்பதாலேயே நான் மற்றவர்களைவிட ஒரு படி மேல் என்று எங்கோ ஒரு மூலையில் ஒருவன் உட்கார்ந்து வரவு வைத்துக்கொள்கிறானே, அவனை என்ன செய்வது. யோசிக்காத பெரியப்பா சொன்னார், செய்தார். யோசிக்கிற இவனும் அதையே செய்யப்போகிறான் என்றால் யோசனை எதற்கு, ஸ்கிரீனில் ஜிகினா ஒட்டுவதற்கா. போனை எடுத்து மதுவந்தியைக் கூப்பிட்டு, நீயே சொல்லும்மா என்று கேட்டுவிட்டால்? அவள் தலையில் கட்டிவிடலாம், அதுவும் ஒரு வழி, அதைவிடக் கேவலமான வழி. வெளியே மேளக்காரர்கள் மறுபடி தவிலைத் தட்டிப் பார்த்தார்கள், பெண்ணை அனுப்புகிற நேரம் போலிருக்கிறது, யாரோ அழுதார்கள், யாரோ அழாதே என்று அதட்டினார்கள். “தேதிய வேற ஒரு பார்ட்டியும் கேட்டிருக்காங்க சார்” என்றார் நாட்ராயன், நெருக்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல்.

மயில்வாகனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மணமகன் வீட்டார் என்று அச்சடித்திருந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல், கீழே கையெழுத்துப் போட்டான்.